எதை எங்கே வைப்பது?

கணினியில் நாம் எழுதும் நிரலை எந்தக் கோப்புறையில் வைக்கிறோம் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பலர் கூடி உருவாக்கிப் பல்லாண்டுகள் பயன்படுத்தும் மென்பொருளில் அச்சிறிய முடிவே பின்னர் வருவோரின் உழைப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. கோப்புறைகளை ஒழுங்குபடுத்தும் முறைகளை, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தை முன்னிறுத்தி விளக்குகிறது இப்பாடம்.

காவலூரின் வானம்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள சிற்றூர் காவலூர். நகர வெளிச்சத்திலிருந்து விலகிய அதன் இருண்ட வானத்தைக் கருதி, வானியல் அறிஞர் வைணு பாப்பு அவ்விடத்தை வான் ஆய்வகத்திற்கெனத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் அங்கு உற்றுநோக்கல் தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986 ஜனவரி 6 அன்று 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, ஆய்வகத்திற்கும் அத்தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இவ்வாய்வகத்தை நடத்திவருகிறது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றை நெருங்கிக் கடந்தது. அப்போது அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் திடீரென மங்கியதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவுசெய்தது. அதுவரை அறியப்படாத துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டிருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. அதே நிகழ்வை வேறிடங்களிலிருந்து நோக்கியவர்களின் பதிவுகளும் வெளிவந்தபின், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெளிவாயிற்று. காவலூர்ப் பதிவும் மீண்டும் ஆராயப்பட்டு, வளையங்களைப் பற்றிய கட்டுரை அதே ஆண்டில் வெளியாயிற்று.

மீண்டும் ஆராய முடிந்தது எதனால்? பதிவு பாதுகாக்கப்பட்டிருந்தது, தேடியபோது கிடைத்தது. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சோதனை பிழைபட்டால் மறுநாள் மறுபடியும் செய்துபார்க்கலாம். வானியலில் அது இயலாது. 1977 மார்ச் 10 இரவு ஒருமுறைதான் வந்தது. அந்த இரவின் பதிவைத் தொலைத்துவிட்டால், அந்த இரவையே தொலைத்ததாகும். பதிவு அழிந்துபோனாலும், எங்கே வைத்தோம் என்பது மறந்துபோனாலும் விளைவு ஒன்றே.

முன்புறமும் பின்புறமும்

நூலகத்திற்குச் செல்லும் வாசகர் மேசையருகே நின்று ஒரு நூலைக் கேட்கிறார். மேசைக்குப் பின்னால் அடுக்குகளும், பதிவேடுகளும், அவற்றைக் கையாளும் பணியாளர்களும் உள்ளனர். வாசகரின் கண்ணுக்கு மேசை மட்டுமே தெரிகிறது. மென்பொருளும் இத்தகையதே. பயனரின் திரையில் தோன்றுவது அதன் முன்புறம். கோரிக்கையைப் பெற்று, அது முறையானதா எனச் சரிபார்த்து, தரவுத்தளத்தில் தேடி, விடையைத் திருப்பி அனுப்பும் பகுதி அதன் பின்புறம். தொடர்வண்டிப் பயணச்சீட்டு முன்பதிவிலும், தேர்வு முடிவு இணையதளத்திலும் பெரும்பாலான வேலை இப்பின்புறத்திலேயே நிகழ்கிறது.

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். காவலூர் போன்ற ஓர் ஆய்வகத்திற்குப் பின்புற மென்பொருள் ஒன்றை எழுதும் பொறுப்பு நம்மிடம் வருகிறது. அது நான்கு பணிகளைச் செய்யவேண்டும். ஆய்வாளர்களுக்குத் தொலைநோக்கியில் நேரம் ஒதுக்குவது முதற்பணி. ஒவ்வோர் இரவும் எதை நோக்கினோம் எனப் பதிவது இரண்டாம் பணி. எடுத்த படிமங்களைக் காப்பது மூன்றாம் பணி. யார் யார் உள்நுழையலாம் என்பதைக் கவனிப்பது நான்காம் பணி. நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே ஒரு வினா எழுகிறது: எந்த நிரலை எந்தக் கோப்புறையில் வைப்பது?

இரு தொகைநூல்கள் காட்டும் வழி

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர்களும் இதனை எதிர்கொண்டனர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் ஐந்நூறு பாடல்களையும் திணைவாரியாகப் பிரித்தார். மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என்ற வரிசையில் திணைக்கு நூறு பாடல்கள்; ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பத்திற்கும் தனிப்பெயர். நெய்தற் பாடல்களை மட்டும் கற்க விரும்புவோர் இரண்டாம் நூற்றைத் திறந்தால் போதும். இன்றைய கணினி மொழியில் கூறினால், இது கோப்புறைக்குள் கோப்புறை அமைத்த முறை.

அகநானூற்றைத் தொகுத்தவர் வேறு வழியை மேற்கொண்டார். களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை என்னும் மூன்று பகுதிகளிலும் எல்லாத் திணைப் பாடல்களும் கலந்தே உள்ளன. ஆயினும், பாடலின் எண்ணே அதன் திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எண்கள் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20, 30 எனப் பத்தின் மடங்காக வருபவை நெய்தல். இங்கே திணையை உணர்த்துவது பாடல் இருக்கும் பகுதியன்று. அதன் பெயராக நிற்கும் எண்.

இரண்டும் நல்ல முறைகளே. இரண்டிலும் ஒரு விதி உண்டு. அவ்விதி நூல் முழுவதும் பிறழாமல் பின்பற்றப்பட்டுள்ளது. விதியை அறிந்தவர் தேடுவதை உடனே அடைவார். விதியில்லாத தொகுப்பிலோ நானூறு பாடல்களையும் புரட்டியாக வேண்டும்.

அடுக்குமுறையும் பணிமுறையும்

நம் மென்பொருளுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு பணிக்கும் மூன்று வகையான நிரல்கள் தேவை: கோரிக்கையைப் பெறும் நிரல், விதிகளைச் சரிபார்க்கும் நிரல், தரவுத்தளத்தில் எழுதிப் படிக்கும் நிரல். பணிகள் நான்கு, நிரல் வகைகள் மூன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு கோப்புகள். இவற்றை இருவகையாக அடுக்கலாம்.

முதலாவது, அடுக்குமுறை. ஒரே வகை நிரல்கள் ஒரே கோப்புறையில் அமையும்.

கோரிக்கைகள்: நேர ஒதுக்கீடு, உற்றுநோக்கல், படிமம், பயனர்
விதிகள்: நேர ஒதுக்கீடு, உற்றுநோக்கல், படிமம், பயனர்
தரவுத்தளம்: நேர ஒதுக்கீடு, உற்றுநோக்கல், படிமம், பயனர்

இரண்டாவது, பணிமுறை. ஒரே பணிக்குரிய நிரல்கள் ஒரே கோப்புறையில் அமையும்.

நேர ஒதுக்கீடு: கோரிக்கை, விதி, தரவுத்தளம்
உற்றுநோக்கல்: கோரிக்கை, விதி, தரவுத்தளம்
படிமம்: கோரிக்கை, விதி, தரவுத்தளம்
பயனர்: கோரிக்கை, விதி, தரவுத்தளம்

கோப்புகள் அவையே, இடந்தான் வேறு. கணினி இரண்டையும் ஒன்றுபோலவே இயக்கும். வேறுபாடு தெரிவது மாற்றம் வரும் நாளில்தான்.

தொலைநோக்கியில் புதியதொரு நிறமாலை வரைவியைப் பொருத்துகிறார்கள் எனக் கொள்வோம். அது விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதியும் கருவி. ஒளி நுழையும் பிளவின் அகலத்தையும் இனி ஒவ்வொரு பதிவிலும் குறிக்கவேண்டும். அந்த அளவைக் கோரிக்கையில் பெறவேண்டும். அது உரிய எல்லைக்குள் உள்ளதா எனச் சரிபார்க்கவேண்டும். தரவுத்தளத்தில் அதற்கு இடம் ஒதுக்கவேண்டும். அடுக்குமுறையில் இதற்காக மூன்று கோப்புறைகளைத் திறக்கவேண்டும். ஒன்றை மறந்தால் பிழை தோன்றும். பணிமுறையில் ‘உற்றுநோக்கல்’ என்னும் ஒரு கோப்புறையே போதும்.

மென்பொருள் வளர்ந்து பணிகள் இருபது ஆனால், அடுக்குமுறையின் ஒவ்வொரு கோப்புறையிலும் இருபது கோப்புகள் நெருங்கி நிற்கும். பணிமுறையில் கோப்புறைகள் பெருகினாலும், ஒவ்வொன்றிலும் மூன்று கோப்புகளே இருக்கும். எனினும், அடுக்குமுறைக்கும் ஒரு சிறப்புண்டு. தரவுத்தளத்தையே முற்றிலும் மாற்ற நேர்ந்தால், அடுக்குமுறையில் ஒரே கோப்புறையில் அவ்வேலை முடிந்துவிடும். பணிமுறையிலோ எல்லாக் கோப்புறைகளுக்கும் சென்றாக வேண்டும். ஆகவே, ‘எது சிறந்த முறை?’ என்று பொதுவாகக் கேட்பது பயன்தராது. ‘நம்மிடம் அடிக்கடி வரக்கூடிய மாற்றம் எது?’ என்றே கேட்கவேண்டும். தரவுத்தளத்தைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாம். பணியின் விதிகளோ அடிக்கடி மாறும். சேர்ந்து மாறுபவை சேர்ந்தே இருக்கட்டும் என்பதே இதில் கொள்ளவேண்டிய நெறி.

இந்நெறிக்கு அரைநூற்றாண்டு வரலாறு உண்டு. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட அதே 1972ஆம் ஆண்டில், கணினி அறிஞர் டேவிட் பார்னஸ், ஒரு நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிப்பது என்பது குறித்து ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சொல்லடைவு உருவாக்கும் சிறு நிரலை எடுத்துக்கொண்டு, அதனை அவர் இருவகையாகப் பிரித்துக் காட்டினார். வேலை நடக்கும் வரிசைப்படி பிரித்தது முதல் வகை. பின்னர் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பகுதிக்குள் அடக்கிவைத்தது இரண்டாம் வகை. முதல் வகையில் ஒரு சிறு மாற்றம் பல பகுதிகளைப் பாதித்தது. இரண்டாம் வகையில் அது ஒரு பகுதிக்குள் அடங்கிற்று. அவர் கோப்புறைகளைப் பற்றி எழுதவில்லை. ஆயினும், கோப்புறையைத் தேர்ந்தெடுப்போருக்கும் அக்கட்டுரை வழிகாட்டுகிறது.

மாறாததைப் பெயராக வைத்தல்

நிரலுக்கு இடம் கண்டோம். படிமங்களுக்கு எப்படி இடம் காண்பது? ஒரு படிமத்தைத் தொலைநோக்கியின் பெயரிலும் வைக்கலாம். எடுத்த நாளின் பெயரிலும் வைக்கலாம். நோக்கிய விண்பொருளின் பெயரிலும் வைக்கலாம். ஆய்வாளரின் பெயரிலும் வைக்கலாம். ஆனால், ஒரு கோப்பிற்கு முதன்மையான இருப்பிடம் ஒன்றே. எனவே, நான்கில் எது பின்னாளில் மாறாதோ அதனைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

1977ஆம் ஆண்டுப் பதிவை மீண்டும் நினைவுகூர்வோம். அதனை ‘யுரேனஸின் புதிய துணைக்கோள்’ என்று பெயரிட்ட உறையில் வைத்திருந்தால், சில மாதங்களிலேயே அப்பெயர் பொய்யாகியிருக்கும். ‘1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10’ என்று பெயரிட்டிருந்தால், அது என்றும் மெய்யாகவே இருக்கும். நாம் கண்டதற்குக் கூறும் விளக்கம் மாறலாம். எந்தக் கருவியால் எப்போது கண்டோம் என்பது மாறாது. ஆகவே, தொலைநோக்கி, ஆண்டு, நாள் என்ற வரிசையில் கோப்புறைகளை அமைத்து, விண்பொருளின் பெயரையும் ஆய்வாளரின் பெயரையும் தரவுத்தளத்தில் குறித்துவைப்பது பொருத்தமாகும். தேடுவோர் எந்தப் பெயரால் தேடினாலும் தரவுத்தளம் உரிய இடத்தைக் காட்டிவிடும்.

நாளைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ‘17-02-1988’ என நாளை முதலில் எழுதினால், கணினி பெயர்களை வரிசைப்படுத்தும்போது எல்லா மாதங்களின் 17ஆம் நாள்களும் அடுத்தடுத்து வந்து நிற்கும். ‘1988-02-17’ என ஆண்டை முதலில் எழுதினால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. வானியலாளரின் வேலை மாலையில் தொடங்கி விடியலில் முடிகிறது. நம் நாட்டு நேரப்படி நள்ளிரவில் நாளைப் பிரித்தால், ஓர் இரவின் படிமங்கள் இரண்டு கோப்புறைகளில் சிதறும். வானியலாளர் பின்பற்றும் உலகப் பொதுநேரம் இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அதன்படி நாள் மாறுவது நமக்கு விடியற்காலை 5.30 மணிக்கு. எனவே, உலகப் பொதுநேர நாளைப் பின்பற்றினால், நம் இரவு ஏறத்தாழ முழுவதும் ஒரே கோப்புறைக்குள் அடங்கும். எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுகிறோம் என்பதையும் முதல்நாளிலேயே முடிவுசெய்து எழுதிவைக்கவேண்டும்.

வளரும் ஒழுங்கு

தொடக்கத்திலேயே பெரிய கட்டமைப்பை எழுப்புவதும் தவறாகும். ஐந்து கோப்புகளே உள்ள மென்பொருளுக்குப் பதினைந்து கோப்புறைகள் எதற்கு? வெற்று அறைகளுள்ள மாளிகையில் வழிதேடுவது கடினம். கோப்புகள் பெருகி நெருக்கம் தோன்றும்போது பிரித்துக்கொள்ளலாம்.

‘பொது’, ‘பிற’ என்னும் பெயர்கள் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் இழுப்பறை ஒன்று இருக்கும். சாவி, பழைய மின்கலம், கயிறு, காலாவதியான மருந்து ஆகிய யாவும் அதில் கிடக்கும். ‘பொது’ என்னும் கோப்புறையும் நாளடைவில் அவ்வாறே ஆகிவிடும். உண்மையிலேயே பல பணிகளும் பகிர்ந்துகொள்ளும் நிரலுக்கு மட்டும், அதன் வேலையைக் குறிக்கும் பெயரில் தனி இடம் தருதல் வேண்டும்.

கடவுச்சொற்களை நிரலோடு கலந்து வைத்தலாகாது. நிரலைப் பகிரும்போது அவையும் பிறர் கைக்குச் சென்றுவிடும். அவ்வாறே, படிமங்கள் இருக்கும் இடமும் நிரல் இருக்கும் இடமும் வேறாக இருக்கவேண்டும். நிரலைப் புதுப்பிக்கும்போது படிமங்கள் அழிந்துபோனால் அந்த இரவுகளை எவராலும் மீட்க இயலாது. இவையனைத்தையும் விளக்கும் சிறு குறிப்புக் கோப்பு ஒன்று வாயிலிலேயே இருப்பது நலம்.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பது ஐந்தாவது. இவ்விரண்டும் மென்பொருளுக்கும் பொருந்தும். நிரலைக் கணினி படிப்பதோடு மனிதரும் படிக்கின்றனர். அதனை எழுதியவர் வேறு பணிக்குச் சென்றபின், அறிமுகமில்லாத ஒருவர் ஓர் இரவில் அதனைத் திறந்து, பிழை எங்கே உள்ளது எனத் தேடுவார். கோப்புறைகளின் பெயர்களே அவரை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும்.

யுரேனஸ் பதிவை மீண்டும் ஆராய்ந்தவர்களுக்கு அப்பதிவு கையில் கிடைத்தது. நாம் இன்று எழுதுவதும் நாளை ஒருவருக்குத் தேவைப்படலாம். அவர் யார் என்பதை நாம் அறியோம். எனினும், அவர் தேடிவரும்போது கிடைக்குமாறு வைப்பது நம் கையில் உள்ளது.

தெரியுமா?

1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டது. அதற்கு முதலில் இடப்பட்ட குறியீடு ‘1988 டிகியூ1’. பெயரிடும் விதியை அறிந்தவர் இக்குறியீட்டிலிருந்தே பல செய்திகளைப் படித்துவிடலாம். 1988 என்பது ஆண்டு. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய ‘டி’, ஆண்டின் நான்காம் அரைமாதத்தை, அதாவது பிப்ரவரியின் பிற்பாதியைக் குறிக்கும். ‘கியூ1’ என்பது அந்த அரைமாதத்தின் வரிசையில் 41ஆவது இடம். பின்னர் இச்சிறுகோளுக்கு 4130 என்னும் நிலையான எண்ணும், கணிதமேதை இராமானுஜனின் பெயரும் வழங்கப்பட்டன.

வானியல் படிமங்களைச் சேமிக்கப் பயன்படும் ‘ஃபிட்ஸ்’ என்னும் கோப்பு வடிவம் 1981இல் வெளியிடப்பட்டது. படிமத்தோடு, அது எடுக்கப்பட்ட நாள், கருவி முதலிய குறிப்புகளையும் அக்கோப்பே சுமந்து செல்லும். தொடக்கத்தில் அதில் ஆண்டு இரண்டு இலக்கங்களாலேயே குறிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது குழப்பம் நேரும் என்பதை உணர்ந்து, நான்கு இலக்க ஆண்டை முதலில் எழுதும் முறை 1997இல் ஏற்கப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகத்தில் நூல்கள் எந்த விதிப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கேட்டறிந்து, அவ்விதியை ஐந்து வரிகளில் எழுதுக.
2. பள்ளி விளையாட்டு விழாவின் ஒளிப்படங்களைக் கணினியில் சேமிக்கக் கோப்புறை அமைப்பு ஒன்றை வரைக. அதில் பின்னாளில் மாறக்கூடிய பெயர் எதுவும் இடம்பெற்றுள்ளதா எனக் குழுவில் கலந்துரையாடுக.
3. அகநானூற்றின் 6, 18, 27, 34, 40 ஆகிய எண்களுக்குரிய திணைகளை, பாடலைப் படிக்காமலே கண்டறிந்து, பின்னர் நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க.